அளவறிந்த அடுக்களை

நுழையும்முன்

வீட்டில் நாள்தோறும் மிகுதியாக வேலை நடைபெறும் இடம் எது என்று கேட்டால், எவரும் தயங்காமல் சமையலறை என்பர். ஆனால், வீடு கட்டத் திட்டமிடும்போது வாயிலுக்கும் முன்கூடத்திற்கும் காட்டும் அக்கறையை அவ்வறைக்குக் காட்டுவதில்லை. அங்கு நின்று வேலை செய்பவரின் முதுகுவலிக்கும் கால்வலிக்கும் வயதே காரணம் என்று எண்ணுகிறோம். அறையின் அமைப்பும் காரணமாக இருக்கலாம் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. மேடை, அடுப்பு, கழுவுதொட்டி ஆகியவற்றை எங்கே, எந்த உயரத்தில் அமைக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அறிவியல் உண்டு. அவ்வறிவியல் வளர்ந்த வரலாற்றையும் அதனை நம் வீட்டில் பயன்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

அடுதலும் அடுக்களையும்

'அடுதல்' என்னும் சொல்லுக்குச் சமைத்தல் என்பது பொருள். அடுப்பு, அட்டில், அடுக்களை ஆகிய சொற்கள் அதனோடு தொடர்புடையவை. கோயிலில் உணவு ஆக்கும் இடத்தை மடைப்பள்ளி என்கிறோம். சமைக்கும் இடத்திற்குத் தமிழில் இத்தனை பெயர்கள் வழங்குவதே அவ்விடம் வாழ்வில் பெற்றிருந்த சிறப்பைக் காட்டும்.

பழைய தமிழ் வீடுகளில் சமையல் தரையை ஒட்டியே நடந்தது. மண்ணடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை ஆகிய அனைத்தும் தரையில் இருந்தன. அமர்ந்திருப்பவரின் கை எட்டும் தொலைவில் விறகும் நீரும் அஞ்சறைப்பெட்டியும் வைக்கப்பட்டிருந்தன. முதன்மை அடுப்பின் அனல் பக்கத்திலுள்ள கொடியடுப்பிற்கும் சென்று இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்கியது. இவ்வமைப்பில் ஒரு திட்டம் இருந்தது. அதேசமயம் புகையும், குனிந்து நிமிரும் உழைப்பும் அதன் பெருங்குறைகளாக இருந்தன.

மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயு அடுப்பும் பரவியபின் சமையல் தரையிலிருந்து மேடைக்கு உயர்ந்தது. அமர்ந்து சமைத்தவர் நின்று சமைக்கத் தொடங்கினார். ஆனால், நிற்பவரின் உடலளவைக் கேட்டறிந்து மேடை கட்டும் வழக்கம் அதனுடன் வரவில்லை. இன்றும் பெரும்பாலான வீடுகளில் மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கமே முடிவு செய்கிறது. அங்கு நாள்தோறும் நிற்கப்போகிறவரிடம் எவரும் கேட்பதில்லை.

காலடிகளை எண்ணியவர்கள்

சமையலறையை அளந்து அமைக்கலாம் என்னும் சிந்தனை பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எழுத்து வடிவம் பெற்றது. கல்வியாளரான கேத்தரின் பீச்சர், தம் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் இணைந்து 1869ஆம் ஆண்டில் இல்லப் பராமரிப்பு குறித்த நூலொன்றை வெளியிட்டார். நீராவிக் கப்பலின் சிற்றறையில் நூற்றுக்கணக்கானோருக்கு உணவு ஆக்க முடிகிறது. அவ்வாறிருக்க, வீட்டின் பெரிய சமையலறையில் ஏன் இத்தனை அலைச்சல் என்பது அவர் எழுப்பிய வினா. இடைவெளியின்றித் தொடரும் மேடை, அதன்கீழ் மாவுப் பெட்டிகள், மேலே அடுக்குத்தட்டுகள், வெப்பம் பரவாதவாறு தனியே பிரிக்கப்பட்ட அடுப்பறை ஆகியவற்றை அவர் வரைந்து காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளில் தொழிலாளரின் அசைவுகளை அளந்து, வீண் அசைவுகளை நீக்கும் ஆய்வுகள் பெருகின. அம்முறையைக் கிறிஸ்டின் பிரடெரிக் என்பவர் வீட்டிற்குக் கொண்டுவந்தார். 1912ஆம் ஆண்டில் இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரைகள் அடுத்த ஆண்டில் நூலாயின. ஒரே அளவுள்ள இரு சமையலறைகளின் வரைபடங்களில், சமைப்பவர் நடக்கும் வழியை அவர் கோடுகளாக வரைந்தார். பொருள்கள் தாறுமாறாக வைக்கப்பட்ட அறையில் கோடுகள் சிக்குண்ட நூல்போலப் பின்னிக்கிடந்தன. வேலையின் வரிசைப்படி அமைந்த அறையில் அவை குறுக்கிடாமல் ஒரே ஒழுங்கில் சென்றன.

பொறியாளரும் உளவியலாளருமான லில்லியன் கில்பிரத் 1929ஆம் ஆண்டில் எரிவாயு நிறுவனம் ஒன்றிற்காக மாதிரிச் சமையலறையை வடிவமைத்தார். பழவகை சேர்ந்த கேக் ஒன்றைச் செய்து பார்த்து அவ்வமைப்பு ஆராயப்பட்டது. வழக்கமான அறையில் 281 காலடிகள் தேவைப்பட்ட அவ்வேலை, மாற்றியமைத்த அறையில் 45 காலடிகளில் முடிந்தது. செய்முறையில் மாற்றமில்லை, பொருள்களின் இடங்களே மாறியிருந்தன.

இதன் பயனை நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் கழுவுதொட்டிக்கும் அடுப்பிற்கும் இடைப்பட்ட தொலைவு 4 மீட்டர் என்று கொள்வோம். ஒருமுறை சென்று திரும்ப 8 மீட்டர் நடக்க வேண்டும். அத்தொலைவை 1.5 மீட்டராகக் குறைத்தால் நடை 3 மீட்டராகும். ஒவ்வொரு முறையும் 5 மீட்டர் மிச்சம். நாளொன்றுக்கு 40 முறை நடப்பதாகக் கொண்டால் 200 மீட்டர் மிச்சமாகும். ஓராண்டில் அது 73 கிலோமீட்டர் ஆகும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ அத்தொலைவில் உள்ளது. நான்கு சுவர்களுக்குள்ளேயே, எவர் கண்ணிலும் படாமல், இத்தனை தொலைவை ஒருவர் வீணாக நடந்துகொண்டிருக்கக்கூடும்.

பிராங்பர்ட் அடுக்களை

இச்சிந்தனைகளை ஆயிரக்கணக்கான வீடுகளில் நடைமுறைப்படுத்திய பெருமை ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்கு உரியது. முதல் உலகப்போருக்குப் பின் அந்நகரில் கடும் வீட்டுப் பற்றாக்குறை நிலவியது. கட்டடக்கலைஞர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் மாநகராட்சி புதிய குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. எளிய வருவாயுள்ள குடும்பங்களுக்கான சிறிய வீடுகளில் சமையலறை எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் வினாவிற்கு விடை காணும் பொறுப்பு மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டு இளம்பெண்ணிடம் வந்தது. ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர், ஆஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்ற முதல் பெண்களுள் ஒருவர்.

1926ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த அறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஓடும் தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில், மிகக் குறுகிய இடத்தில் பலருக்கு உணவு ஆக்கப்படுவதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். கிறிஸ்டின் பிரடெரிக்கின் நூலையும் அவர் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பயின்றிருந்தார்.

அவ்வறையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் இருந்தது. சாளரத்தின் அருகே வெளிச்சம் விழும் இடத்தில் வெட்டும் மேடை இருந்தது. அதன்முன் உயரத்தை மாற்றக்கூடிய சுழல் இருக்கை இடப்பட்டது. காய்கறிக் கழிவை மேடையிலிருந்து நேரே தள்ளிவிட இழுப்பறை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பருப்பு, அரிசி முதலியவற்றிற்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் இருந்தன. மாவை மட்டும் புழு அண்டாதிருக்க ஓக் மரப்பெட்டியில் வைத்தனர். கழுவிய தட்டுகள் தாமே நீர் வடிந்து உலரும் தாங்கி, கழுவுதொட்டியின் மேல் அமைந்தது. பாதி வெந்த உணவு தன் சூட்டிலேயே வெந்து முடிவதற்கு, வெப்பம் வெளியேறாத பெட்டியும் இருந்தது. அறைக்கும் கூடத்திற்கும் இடையிலிருந்த தள்ளுகதவைத் திறந்தால், உணவைக் கொண்டு செல்லலாம். கூடத்தில் விளையாடும் குழந்தையையும் கவனிக்கலாம்.

ஏறத்தாழ 10,000 வீடுகளில் இவ்வடுக்களை பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் காணப்படும் உள்ளமைப்புச் சமையலறைகளின் முன்னோடியாக இதனைக் கருதுகின்றனர். இதன் மூலப் பகுதிகளை நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் போற்றிக் காத்துவருகிறது.

தெரிந்து தெளிவோம்

ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1897ஆம் ஆண்டில் வியன்னாவில் பிறந்தார். இட்லரின் ஆட்சியை எதிர்க்கும் இயக்கத்தில் பங்கேற்றதற்காக 1941ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டு, 15 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 1945ஆம் ஆண்டில் விடுதலையானார். பள்ளிகள், மழலையர் இல்லங்கள், குடியிருப்புகள் எனப் பலவற்றை வடிவமைத்த அவர், நூறாண்டுகளைக் கடந்து வாழ்ந்து 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

அளவில் விடுபட்டவை

பிராங்பர்ட் அடுக்களை குறையற்றதன்று. அதன் குறுகிய தரையில் ஒருவர் மட்டுமே வேலை செய்ய முடிந்தது. மகளோ கணவரோ உதவ வந்தாலும் நிற்க இடமில்லை. தாழ்வாக அமைந்த பெட்டிகள் சிறு குழந்தைகளின் கைகளுக்கு எட்டின. பின்வந்த பெண்ணியச் சிந்தனையாளர்கள் அவ்வறை பெண்ணின் உழைப்பைக் குறைத்தபோதும், அவ்வுழைப்பை அவளுக்கு மட்டுமே உரியதாக்கி அவளைத் தனிமைப்படுத்தியது என்று சுட்டிக்காட்டினர்.

இத்திறனாய்வு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அறையின் நீள அகலம் வெறும் எண்ணன்று. இங்கே எத்தனை பேர் வேலை செய்வார்கள், அவர்கள் யார் என்னும் முடிவும் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. ஒருவர் மட்டும் நிற்கும்படி அறையைக் கட்டிவிட்டு, மற்றவர்கள் ஏன் உதவவில்லை என்று பின்னர்க் கேட்பதில் பயனில்லை. எனவே, எதனை அளக்கிறோம் என்பதைப் போலவே யாரை எண்ணி அளக்கிறோம் என்பதும் இன்றியமையாததாகும். இத்தெளிவோடு, ஒரு வீட்டுச் சமையலறையைத் திட்டமிடும் முறையை இனிக் காண்போம்.

வேலையின் வரிசை

சமையல் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் செயல்களின் தொடர். பொருளை எடுத்தல், கழுவுதல், நறுக்குதல், வேகவைத்தல், பரிமாறுதல் என அது செல்கிறது. மேடையும் இவ்வரிசையிலேயே அமைய வேண்டும். பொருள் வைக்கும் இடம், கழுவுதொட்டி, நறுக்கும் மேடை, அடுப்பு, சமைத்ததை இறக்கி வைக்கும் இடம் என்னும் ஒழுங்கு பொருத்தமானது. அடுப்பும் கழுவுதொட்டியும் ஒட்டியிருந்தால் நறுக்குவதற்கு இடம் இராது. எரியும் அடுப்பின்மேல் நீரும் தெறிக்கும். அவ்விரண்டிற்கும் இடையே ஒரு மீட்டர் அளவிற்காவது வெற்றுமேடை இருப்பது நன்று.

பொருள் வைக்கும் இடம், கழுவுதொட்டி, அடுப்பு ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். இதனைப் பணி முக்கோணம் என்பர். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கருத்தை வளர்த்தெடுத்தனர். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.2 மீட்டர் முதல் 2.7 மீட்டர் வரையும், மூன்று பக்கங்களின் கூடுதல் 8 மீட்டருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. பக்கம் மிகக் குறைந்தால் நெருக்கடி, மிகுந்தால் அலைச்சல். அறைக்குள் நடமாடும் பொதுவழி இம்முக்கோணத்தை வெட்டிச்செல்லக் கூடாது. கொதிக்கும் குழம்பை இறக்குபவரின் குறுக்கே குழந்தை ஓடிவரும் வழி இருந்தால், அது விபத்துக்கு நாமே வழி அமைத்ததாகும்.

மேடையின் வடிவத்தைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே நினைவில் கொள்ளலாம். ஒரே சுவரை ஒட்டிய நேர்மேடை சிறிய அறைக்கு ஏற்றது. இரு சுவர்களை ஒட்டி 'ட' வடிவில் அமையும் மேடை, நடையைக் குறைத்து நடுவில் இடம் விடுகிறது. மூன்று சுவர்களையும் தழுவும் 'ப' வடிவ மேடை பொருள் வைக்க நிறைந்த இடம் தரும். ஆனால், அதற்கு அகன்ற அறை வேண்டும். எதிரெதிரே இரு மேடைகள் அமைந்தால், ஒருவர் வேலை செய்ய இடையில் ஏறத்தாழ 105 செ.மீ. இடைவெளியும் இருவர் வேலை செய்ய 120 செ.மீ. இடைவெளியும் தேவை.

முழங்கையே அளவுகோல்

மேடையின் உயரத்திற்கு உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரே அளவு இல்லை. அதனைச் சமைப்பவரின் முழங்கை தீர்மானிக்கிறது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கியபின், தரையிலிருந்து முழங்கைவரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. வரை குறைத்தால் நறுக்குவதற்கு ஏற்ற மேடையின் உயரம் கிடைக்கும்.

சான்றாக, 155 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 97 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவருக்கு 82 முதல் 87 செ.மீ. வரை உயரமுள்ள மேடை பொருந்தும். முழங்கை உயரம் 110 செ.மீ. உள்ள நெடியவருக்கோ 95 செ.மீ. அளவிற்கு மேடை தேவைப்படும். அவர் தாழ்ந்த மேடையில் நின்றால் முதுகு வளையும். குறுகிய உருவமுள்ளவர் உயர்ந்த மேடையில் நின்றால் தோள்கள் தூக்கி நிற்கும். ஒருநாள் உணரப்படாத இவ்விடர் ஆண்டுகள் பல சென்றபின் நோயாக வெளிப்படுகிறது.

அடுப்பு வைக்கும் பகுதிக்குத் தனிக் கணக்கு வேண்டும். 85 செ.மீ. மேடையின்மீது 12 செ.மீ. உயர அடுப்பையும், அதன்மேல் 18 செ.மீ. உயரப் பாத்திரத்தையும் வைத்தால் பாத்திரத்தின் விளிம்பு 115 செ.மீ. உயரத்திற்குச் சென்றுவிடும். 97 செ.மீ. உயரத்தில் முழங்கை உடையவர் அதனைக் கிளற ஒவ்வொரு முறையும் கையைத் தூக்க வேண்டும். பாத்திரத்திற்குள் இருப்பதும் தெளிவாகத் தெரியாது. எனவே, அடுப்புப் பகுதியை மட்டும் சற்றுத் தாழ்த்திக் கட்டலாம். அல்லது மேடைக்குள் பதியும் அடுப்பைப் பொருத்தலாம். சப்பாத்தி மாவு பிசைதல் போன்ற அழுத்தம் தேவைப்படும் வேலைகளுக்கும் தாழ்ந்த மேடையே உகந்தது.

மேடையின் அகலம் 60 செ.மீ. அளவில் இருந்தால் சுவர்வரை கை எட்டும். நாள்தோறும் எடுக்கும் பொருள்கள் இடுப்பிற்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறை எடுக்கும் அண்டாவிற்கே பரண் உரியது. கனமான அரிசிப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். தலைக்குமேல் வைப்பது தீங்கு.

அடுப்பும் ஓவனும்

அடுப்பைச் சாளரத்திற்கு நேராக வைத்தால் காற்றில் சுடர் அலையும், அணையவும் கூடும். கதவிற்கு அருகிலோ திரைச்சீலையின் கீழோ அடுப்பு இருத்தல் ஆகாது. குளிர்சாதனப் பெட்டியை அடுப்பை ஒட்டி வைத்தால், வெப்பத்தை எதிர்த்து இயங்க அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அடுப்பின் இருபுறமும் பாத்திரம் இறக்கி வைக்க வெற்றிடம் வேண்டும். பாத்திரத்தின் கைப்பிடி மேடையின் விளிம்பைத் தாண்டி நீளாதவாறு அடுப்பை உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது மேலே செல்லாமல் தரையில் தங்கும். ஆதலால், உயரத்தில் சாளரம் இருப்பது மட்டும் போதாது. தரையை ஒட்டியும் காற்றுப் போக்கி தேவை. உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கசிவின் மணத்தை உணர்ந்தால் மின்விசையைத் தொடாமல், உருளையின் திறப்பை மூடிக் கதவுகளையும் சாளரங்களையும் திறக்க வேண்டும். மின்விசையின் சிறு பொறியே தீயை மூட்டப் போதுமானது.

ரொட்டி, கேக் முதலியவற்றைச் சுடும் ஓவன் இப்போது நம் வீடுகளிலும் இடம்பெறுகிறது. அதன் கதவு கீழ்நோக்கித் திறப்பதாயின், கதவு முழுமையாகத் திறந்தபின்னும் அதன்முன் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான தட்டை ஏந்தி அறையைக் கடந்து செல்லும் நிலை வரலாகாது. ஓவனின் அருகிலேயே குறைந்தது 40 செ.மீ. அகலமுள்ள, வெப்பம் தாங்கும் மேடை இருத்தல் வேண்டும். நுண்ணலை அடுப்பைத் தலைக்குமேல் பொருத்துவது தவறு. கொதிக்கும் நீர்மம் இறக்கும்போது முகத்தில் சாயக்கூடும்.

காற்றும் வெளிச்சமும்

விறகும் கரியும் எரியும் காற்றோட்டமற்ற சமையலறைகள் உயிருக்கே கேடாகின்றன. வீடுகளுக்குள் எழும் புகை மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகளவில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எரிவாயு அடுப்பிலும் தாளிக்கும் புகையும் எண்ணெய் ஆவியும் எழுகின்றன. எதிரெதிரே இரு திறப்புகள் இருந்தால் காற்று ஓடும். அடுப்பிற்கு மேலே புகை வெளியேற்றும் விசிறியோ புகைபோக்கியோ பொருத்த வேண்டும். விளக்கு சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அவருடைய நிழலே மேடையில் விழும். கத்தி விரலைத் தேடும். எனவே, மேடைக்கு நேர்மேலே விளக்கு அமைய வேண்டும்.

எல்லாருக்குமான அடுக்களை

வீட்டில் முதியவர் இருந்தால் உட்கார்ந்து நறுக்க ஓர் இடம் வேண்டும். மேடையின் ஒரு பகுதியில் கீழ்த்தட்டுகளைத் தவிர்த்து, முழங்கால் நுழைய இடம் விட்டாலே அது கிடைத்துவிடும். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர் திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டமுள்ள தரை தேவை. வளர்ந்த பிள்ளைகளும் ஆண்களும் சேர்ந்து வேலை செய்ய, இரண்டாவது வெட்டும் மேடை ஒன்று இருந்தால் போதும். புதிதாகக் கட்ட வசதி இல்லாத வீட்டிலும் மாற்றங்கள் இயலும். குள்ளமானவர் நிற்க உறுதியான மரப்பலகை, நெடியவருக்கு மேடைமீது கனத்த வெட்டுப்பலகை, அடுப்பருகே உப்பும் மிளகாய்த்தூளும், கழுவுதொட்டியருகே பாத்திரத் தாங்கி என்னும் சிறு திருத்தங்களுக்குப் பெருஞ்செலவு இல்லை. அவற்றிற்கு உற்றுநோக்கும் கண் இருந்தால் போதும்.

கல்லும் மரமும் கொண்டு கட்டப்படும் மேடை ஒருமுறை அமைந்துவிட்டால் முப்பது நாற்பது ஆண்டுகள் அப்படியே நிற்கும். அதன்முன் நிற்பவரின் முதுகும் அத்தனை ஆண்டுகள் அதற்கேற்ப வளையும். ஆகவே, அளவுநாடாவைச் சுவரில் வைப்பதற்கு முன் சமைப்பவரின் முழங்கையில் வைக்க வேண்டும். 'உங்களுக்கு எது எட்டவில்லை? எங்கே வலிக்கிறது?' என்று அவரிடம் கேட்பதே திட்டமிடலின் முதற்படியாகும். உண்பவர் அனைவரும் உழைப்பிலும் பங்கேற்கும் இடமாக அடுக்களை அமையும்போது, அது வீட்டின் மூலையிலுள்ள அறை என்னும் நிலையிலிருந்து உயர்ந்து வீட்டின் நடுவிடமாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுச் சமையலறையின் வரைபடத்தை வரைக. உணவு ஒன்றைச் சமைக்கும்போது நடக்கும் வழியைக் கோடுகளாகக் குறித்து, நடையைக் குறைக்கும் மாற்றங்களைப் பரிந்துரைக்க.

2. உங்கள் வீட்டில் சமைப்பவர் ஒவ்வொருவரின் முழங்கை உயரத்தையும் அளந்து, மேடையின் உயரத்தோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

3. 'சமையலறையின் அமைப்பு, வேலையைப் பகிர்ந்துகொள்ளத் தூண்டும்; தடுக்கவும் செய்யும்' – இக்கருத்து குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.